நாலாம் நாள் ஆட்டம் முடிந்ததும் கயல் சொன்னது

1

போன மார்கழியில் ஆரணிக்குள் ஒரு குரல் பதிவு சுற்றியது. நாற்பது வினாடிகூட இருக்காது. அரைகுறைத் தமிழில் ஒரு பெண் பேசுவாள். ‘பிட்ச்சுக்குத் தண்ணி விட்டதை உள்ளே வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணே ஒத்துக்கொண்டாள்’ என்று அதன் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். உங்களில் சிலர் கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டு நாலு பேருக்கு அனுப்பியும் இருக்கலாம். எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். அதில் ஒருவன் என் சித்தப்பா மகன்.

அந்தப் பெண் என் மகள் கயல். அவள் பேசியது என்னிடம். அது ஊருக்குப் போனதற்குக் காரணமும் நான்தான். இதைப் பற்றி ஊரில் இப்போது பல விதமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் இருக்கும் நகரத்தின் பேரையும் மைதானத்தின் பேரையும் மட்டும் எழுதமாட்டேன். ஒரு தரம் அவள் வேலையோடு விளையாடியது போதும்.

2

நான் ஆஸ்திரேலியாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பேருந்துப் பணிமனையில் இன்ஜின் பிரிவில் வேலை. விடியுமுன் கிளம்பினால் மூன்று மணிக்கு வீடு. மனைவி மாலதி ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் பொறுப்பில் இருக்கிறாள். கயல் இங்கேயே பிறந்தவள். ஒரே பெண்.

பள்ளிக்கூடம் முடித்ததும் அவள் புல்தரைப் படிப்புப் படிக்கப் போகிறேன் என்றாள். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மைதானத்துக்குப் புல் வளர்ப்பது, கிரிக்கெட் ஆடுகளம் தயார் செய்வது, ரோலர் ஓட்டுவது. என் அப்பா பெரணமல்லூர் பக்கம் அடுத்தவர் நிலத்தில் களை பிடுங்கியும் வரப்பு வெட்டியும், பிறகு ஆரணியில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியும் என்னை ஐடிஐ படிக்க வைத்தவர். எங்கள் பேரில் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. மண்ணிலிருந்து தப்பித்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். என் பெண் மார்க்கெல்லாம் நன்றாக வாங்கிவிட்டு மண்ணையும் புல்லையும் படிக்கப் போகிறேன் என்கிறாள். இரண்டு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரில் கேட்டவர்களிடம் ‘விவசாய ஆராய்ச்சி’ என்று சொல்லி வைத்தேன்.

அவள் படித்து முடித்து ஒரு புறநகர் மைதானத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். மூன்று வருடத்தில் நான் ஒரு தரம்கூட அங்கே போனதில்லை. போன வருடம் அவளைப் பெரிய மைதானத்துக் குழுவில் எடுத்துக்கொண்டார்கள். டெஸ்ட் மேட்ச்சுக்கு ஆடுகளம் போடுகிற குழு அது. பெண் என்று பார்த்தால் அதில் அவள் ஒருத்திதான்.

தினமும் வேலை முடிந்ததும் எனக்கு ஃபோன் செய்வாள். அம்மாவோடு பேச்சு எல்லாம் ஆங்கிலம். என்னோடு மட்டும் தமிழ், நான் ஒரு காலத்தில் கெஞ்சிக் கேட்டதற்காக. அந்தத் தமிழில் ‘நாம’ என்ற சொல்லே கிடையாது. எல்லாமே ‘நாங்க’தான். “நாங்க கோயிலுக்குப் போலாமாப்பா?” என்று என் முகத்தைப் பார்த்தே கேட்பாள். “நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்லயே இருக்கறேன்” என்று நான் கிண்டல் செய்வேன். அவளுக்கு அந்தக் கிண்டல் புரியாது. திருத்தியிருக்கலாம். செல்லமாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

3

மார்கழியில் நான் ஆரணிக்குப் போனது ஒரு வாரிசு சான்றிதழுக்காக. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பள்ளிச் சான்றிதழில் நான் மூர்த்தி. பாஸ்போர்ட்டில் கிருஷ்ணமூர்த்தி. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கத் தாலுகா ஆபீசுக்கும் காந்தி ரோட்டில் என் நண்பன் சம்பத்தின் கம்ப்யூட்டர் சென்டருக்கும் நடந்துகொண்டிருந்தேன். விண்ணப்பத்தை அனுப்ப ஒரு ஓடிபி வர வேண்டும். அது நான் பத்து வருடம் முன்பு வைத்திருந்த நம்பருக்குப் போனது. அந்த நம்பர் இப்போது கலசப்பாக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவானிடம் இருந்தது. நாங்கள் கூப்பிட்டுக் கேட்டால் ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்து அவர் வைத்துவிடுவார்.

சம்பத் கடையில் இரண்டு மானிட்டர். ஒன்றில் அரசாங்க இணையதளம் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்றில் விடியற்காலையிலிருந்து டெஸ்ட் மேட்ச். ஆஸ்திரேலியாவில் இந்தியா ஆடியது. முதல் நாள் காலையில் கேமரா ஆடுகளத்து மூடுதுணியை இழுக்கும் ஆட்களைக் காட்டியது. தொப்பிக்குப் பின்னால் சடையை விட்டுக்கொண்டு ஒரு பெண் குனிந்து துணியின் ஓரத்தைப் பிடித்திருந்தாள்.

“அது கயலு” என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

சம்பத் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினான். “உம் பொண்ணா? விவசாய ஆராய்ச்சின்னு சொன்ன?”

“இதுவும் ஆராய்ச்சிதான்டா. பிட்ச் போடறது அவதான்.”

அவள் மட்டும் போடவில்லை. ஆனால் அப்படித்தான் சொன்னேன். அரை மணி நேரத்தில் பக்கத்துக் கடையிலிருந்து பாஷா பாய் வந்து எனக்குக் கை கொடுத்தார். பட்டுப் புடவைக்கு ரவிக்கை தைக்கிறவர். எங்களுக்கு ஏழெட்டு வயது மூத்தவர். பிறகு லோகு வந்தான். வீட்டில் நாலு விசைத்தறி ஓட்டுகிறவன், என்னோடு படித்தவன். அவனும் கையைக் குலுக்கினான். மூன்று வருடமாக நான் மறைத்து வைத்திருந்த வேலை திடீரென்று எனக்குப் பெருமையாக ஆகிவிட்டது. அடுத்த மூன்று நாளும் கேமரா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எல்லோரும் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

4

நாலாம் நாள் ஆட்டம் போல மெதுவான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. காலையில் ஆஸ்திரேலியா ஆமை போல ஆடி ஒருவழியாக ஆட்டம் இழந்தது. பிறகு இந்தியா இறங்கியது. இரண்டு விக்கெட் சீக்கிரமே போனது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் கட்டையைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டார்கள். ஓவர் மேல் ஓவராக ரன்னே இல்லை. ஜெயிக்க இருநூறுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். கையில் எட்டு விக்கெட். ஒரு நாள் முழுதாக இருக்கிறது. யார் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் நேரப்படி மத்தியானம் பன்னிரண்டரைக்கு அங்கே ஆட்டம் முடிந்து நடுவர்கள் பெயில்ஸை எடுத்தபோது கடையில் யாருமே எழுந்திருக்கவில்லை.

“இன்னாத்துக்கு இப்டி ஆடிகினு இருந்தானுங்க?” லோகு ஆரம்பித்தான். “நாளைக்கு பிட்ச் ஒடையும். வெடிப்பு எப்டி இருக்குது பாத்தீங்கள்ல? இன்னிக்கே ஒரு அம்பது ரன்னு ஜாஸ்தி அடிச்சிருந்தா நாளைக்கு நிம்மதி.”

“அடிக்கப் போய் இன்னும் ரெண்டு விக்கெட்டு போயிருந்தா?” என்றார் பாஷா பாய். “அவன் நாலு மணி நேரமா ஆப் ஸ்டம்புக்கு வெளிய வந்ததத் தொடவே இல்ல. அந்தப் பொறுமை உனக்கு வருமா? கால் மணி நேரம் கரண்டு போனா ஈபி ஆபீசுக்கு ஓடறவன் நீ.”

“பாய், தொடாமயே இருந்தா ரன்னு யாரு குடுப்பா?”

“பவுலர் களைச்சா குடுப்பான். நாளைக்கு மொத ஒரு மணி நேரம் தாண்டட்டும். அப்பறம் பாரு.”

“மொத ஒரு மணி நேரத்துலயே முடிஞ்சிடும். ஒரு பந்து வெடிப்புல விழுந்தா ஏறும், இன்னொண்ணு தரையோட போவும். கட்டை போட்டுகினு எப்டித் தாங்குவானுங்க?”

இப்படி ஒரு மணி நேரம் போனது. விளையாட்டாகத்தான் தொடங்கியது. ஆனால் சம்பத் லோகு பக்கம் சேர்ந்ததும் பாஷா பாய் குரல் உயர்ந்தது. எட்டாவது படிக்கும்போதிலிருந்து லோகு தோற்கப்போகும் பக்கத்தையே பேசிக்கொண்டிருக்கிறான் என்றார். லோகு முகம் சிவந்தது. இதற்குள் தாமு வேறு வந்திருந்தான். கடைகளுக்குப் புடவைப் பார்சல் போடுகிறவன், முப்பது வயது இருக்கும். பிரிண்ட் எடுக்க வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“இன்னாத்துக்குச் சண்டை?” என்றான் சம்பத். “பிட்ச் போட்டவங்க வீட்டு ஆளே இங்க உக்காந்துகினு இருக்கான். மூர்த்தி, பொண்ணக் கேளுடா. ஒடையுமா, ஒடையாதா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

போட்டிக்கு முன்னால் அந்தக் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு வகுப்பு நடத்திக் கையெழுத்து வாங்குவார்கள். ஆடுகளத்தைப் பற்றி வெளியில் யாரிடமும் பேசக் கூடாது. சூதாட்டக்காரர்கள் காதில் போய்விடும் என்பதால் அப்படி ஒரு விதி. இது எனக்குத் தெரியும். கயல்தான் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருந்தாள். ‘அதெல்லாம் சொல்லக் கூடாதுப்பா’ என்று நான் அவர்களிடம் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பாஷா பாயே ஒத்துக்கொண்டிருப்பார்.

அந்த நேரம் பார்த்து அவளே கூப்பிட்டாள். தினமும் கூப்பிடுகிற நேரம். நான் ஃபோனை மேசையில் கீபோர்டு பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். உதட்டின் மேல் விரலை வைத்து எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னேன். இதைத்தான் பிற்பாடு பல தரம் நினைத்துப் பார்த்தேன். அவசரத்தில் செய்தது என்று சொல்ல முடியாது. விரலை உதட்டின் மேல் வைக்கத் தோன்றியிருக்கிறதே.

“அப்பா, இப்பதான் முடிஞ்சது. கால் வலிக்குது.”

“சாப்ட்டியாம்மா? சரி, நாளைக்கு பிட்ச் எப்படி இருக்கும்? வெடிப்பு பெருசா தெரியுதே?”

ஒரு வினாடி தயங்கினாள். பிறகு சிரித்தாள்.

“வெடிப்பு பாத்து பயப்படாதீங்க. அது மேல மட்டும். கீழ டைட்டா இருக்கு. வெயில் வரும்னு நாங்க தண்ணி நெறைய விட்டோம் இந்தத் தடவ. நாளைக்கு பந்து தூங்கும்பா. உங்க டீம் பொழச்சிக்கும்.”

பிறகு அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினாள். காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கடையில் ஒரே சத்தம். “நான் இன்னா சொன்னேன்” என்று பாஷா பாய் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். லோகு விடவில்லை. “தூங்கும்னா இன்னா அர்த்தம்? மெதுவா வருமா, தரையோட போவுமா? தரையோட போனா எல்பிடபிள்யூதான?” என் மகளுக்கு வாய்க்கு வந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இன்னும் கால் மணி நேரம் வாதாடினார்கள். நான் நடுவில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் ஊரில் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது.

தாமு மட்டும் பேசவில்லை. “நாங்கன்னு சொல்லுதே அது” என்று போகும்போது ஒரு வார்த்தை சொன்னான். “நாங்க தண்ணி விட்டோம்னு. அப்ப அவங்க டீமுக்கோசரம்தான?”

“அவ வேலை செய்யற ஆளுங்கள சொல்றாப்பா. மேட்ச்சுக்கு முன்னாடி எல்லா பிட்ச்சுக்கும் விடற தண்ணிதான்” என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

5

மூன்று மணிக்கு லோகு தறியை நிறுத்திவிட்டு வந்தான். ஃபோனை நீட்டினான். விசைத்தறிக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் கயலின் குரல் வந்திருந்தது. கீழே நான் முதலில் சொன்ன அந்த வரி. தாமு பிரிண்டுக்கு நிற்கும்போதே பதிவு செய்திருக்கிறான்.

சம்பத்தும் நானும் வண்டியில் கொசப்பாளையம் போனோம். தாமு வீட்டு வாசலில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தான்.

“அழிச்சிடுப்பா” என்றேன். “அவ வேலை போயிடும்.”

அவன் உடனே அழித்தான். தகராறே செய்யவில்லை. “சும்மா ஜாலிக்குப் போட்டேண்ணா. எழுதனது நான் இல்ல, வேற யாரோ. நான் மூணு குரூப்லதான் போட்டேன்.”

“எந்த மூணு?”

தறிக்காரர்கள் குழு ஒன்று. பெரணமல்லூர் கிரிக்கெட் டீம் ஒன்று. மூன்றாவது வேலூரில் அவன் மச்சானுடையது. அங்கிருந்து எங்கே போனது என்று அவனுக்குத் தெரியாது. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே சம்பத் ஃபோன் அடித்தது. பேர் சொல்லாத ஒரு ஆள், கடை நம்பரை யாரிடமோ வாங்கியிருக்கிறான். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. “அந்தப் பொண்ணோட நம்பர் கெடைக்குமாங்க? ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும். ஜல்தியா வேணும்.” சம்பத் ஃபோனை வைத்துவிட்டு, “பந்தயம் கட்றவன்டா” என்றான்.

இன்னொரு ஆளைப் பிடிக்கலாம், பெரணமல்லூருக்கு ஒரு நடை போகலாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைக்குத் திரும்பியபோது பாஷா பாய் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். ஊசியை எடுத்துத் துணியில் குத்தினார்.

“மூர்த்தி, நீ இதுக்கோசரம் ஊரெல்லாம் அலையாத. ஒனக்கு முன்னாடி அது போயிகினே இருக்கும். மொதல்ல பொண்ணுக்குச் சொல்லு.”

“தூங்கியிருப்பா பாய். அங்க பத்து மணி ஆவுது. விடியக்காலையில வேலைக்குப் போவணும்.”

“எழுப்பு.”

எழுப்பினேன். ஏழெட்டு தரம் மணி அடித்த பிறகு எடுத்தாள். நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

“ஸ்பீக்கர்லயா போட்டீங்க?” என்றாள்.

“ஆமாம்மா.”

“எத்தன பேர் இருந்தாங்க?”

“நாலு பேர்.”

“நான் உங்ககிட்ட தானப்பா சொன்னேன்.”

நான் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். “கவலைப்படாதே. அங்க யாருக்குத் தமிழ் தெரியும்? ரெண்டு நாள்ல அமுங்கிடும். நீ யாருக்கும் சொல்லாதே. நாளைக்கு ஒரு நாள்தான், மேட்ச் முடிஞ்சிடும்.”

“எனக்குத் தெரியும்ல” என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியுமே.

“அந்த ஆடியோ எனக்கு அனுப்புங்க. யாராவது ஃபோன் பண்ணா பேசாதீங்க. நான் எங்க பாஸ்கிட்ட இப்பவே சொல்லணும்.”

“வேலை போயிடும் கயலு.”

“அனுப்புங்கப்பா.”

அனுப்பினேன்.

பிறகு மாலதி கூப்பிட்டாள். கயல் அழுகிறாள், என்ன நடந்தது என்று கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன் என்று கயலிடம் சொன்னேன், அவள் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்றேன். அந்தப் பொய்யைச் சொல்வதற்கு எனக்கு யோசனையே தேவைப்படவில்லை.

6

ஐந்தாம் நாள் விடியற்காலையில் கயலிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், வீட்டில் இருக்கிறேன்.

எங்கே போவது என்று தெரியாமல் சம்பத் கடைக்குத்தான் போனேன். அன்று கடையில் வழக்கத்தைவிடக் கூட்டம். வெளியே பனி. உள்ளே எல்லோரும் காதுக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். திரையில் குழுவினர் ஆடுகளத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். சடை போட்ட பெண் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் ஒவ்வொரு தொப்பியாகப் பார்த்தேன்.

முதல் ஒரு மணி நேரம் விக்கெட் விழவில்லை. வெடிப்பில் விழுந்த பந்தெல்லாம் சொன்ன மாதிரியே மெதுவாக எழுந்து பேட்டுக்கு வந்தது. ஏறவும் இல்லை, தரையோடு போகவும் இல்லை.

“பொண்ணு கரெக்டா சொல்லிச்சு பாத்தியா” என்றான் கூட்டத்தில் ஒருவன். எனக்கு அவனைத் தெரியாது. “தூங்கும்னு சொல்லிச்சு. தூங்குது.”

“பேசாம பாருங்கப்பா” என்றார் பாஷா பாய். அவர் ஜெயித்திருந்தார். ஆனால் காலையிலிருந்து ஒரு வார்த்தைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. லோகுவும் அவரைச் சீண்டவில்லை. முந்தின நாள் நாற்காலியை விட்டு எழுந்து வாதாடியவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

உணவு இடைவேளைக்குப் பிறகு அடுத்தடுத்து விக்கெட் போனது. ரன்னும் சேர்ந்தது. தேநீர் நேரத்தில் எந்தப் பக்கமும் சாயலாம் என்ற நிலை. கடைசி ஒரு மணி நேரம் இந்தியா மறுபடியும் கட்டையைப் போட்டது. முப்பது ரன் பாக்கி, இரண்டு விக்கெட் பாக்கி. ஆட்டம் டிரா. சிலர் கை தட்டினார்கள், சிலர் திட்டினார்கள். ஜெயிக்கப் போயிருக்க வேண்டுமா, காப்பாற்றியது சரியா என்று ரோடு வரைக்கும் வாதம் போனது.

ஆட்டம் முடிந்த பிறகு குழுவினர் எல்லோரும் ஆடுகளத்தின் மேல் தோளோடு தோள் நின்று படம் எடுத்துக்கொண்டதைக் காட்டினார்கள். வருடத்தில் ஒரு தரம்தான் அந்தப் படம். போட்டி தொடங்குமுன்பே அதற்கென்று புது சட்டை கொடுத்திருக்கிறார்கள், இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன் என்று கயல் சொல்லியிருந்தாள்.

7

இரண்டு நாள் கழித்து அங்கத்திய கிரிக்கெட் வாரியத்தின் விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். வீடியோ அழைப்பில், சம்பத் கடையிலிருந்து. அவன் எல்லோரையும் அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூலையில் உட்கார்ந்தான். நானும் வெளியே போகட்டுமா என்று கேட்டான். இருடா என்றேன்.

திரையில் இரண்டு பேர். மொழிபெயர்ப்புக்கு ஒரு இலங்கை அம்மா. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றேன். பதிவு தமிழில் இருப்பதால் அவர் இருக்க வேண்டும் என்றார்கள். “பயப்பிடாமல் சொல்லுங்கோ” என்றார் அந்த அம்மா.

முதல் கேள்வி ‘நாங்க’ என்ற சொல்லைப் பற்றி. அந்த அம்மா சரியாகத்தான் மொழிபெயர்த்திருந்தார். அந்த ‘நாங்க’ யார் என்று அவர்கள் கேட்டார்கள். மைதானத்துக் குழுவா, வேறு யாராவது சொல்லித் தண்ணீர் விட்டார்களா? நான் விளக்கப் பார்த்தேன். தமிழில் கேட்கிறவரையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல், சேர்க்காமல் சொல்ல ஒரு சொல். என் பெண்ணுக்கு அந்த வித்தியாசமே தெரியாது, அதனால் அந்தச் சொல்லை வைத்து அவள் யார் பக்கம் என்று முடிவு செய்யக் கூடாது. அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே நாங்க என்பாள். சின்ன வயதில் நான் சொல்லித்தரவில்லை. அந்த அம்மா அதை மெதுவாக மொழிபெயர்த்தார்.

அடுத்து அவர்களில் ஒருவர் கேட்டார். வேறு ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது உங்கள் மகளுக்குத் தெரியுமா?

மாலதியிடம் சொன்ன பொய் வாயில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் நான் சுமாரான ஆளாகத் தப்பிவிடலாம். சொன்னேன், அவள் கவனிக்கவில்லை. தப்பு இருவர் மேலும் பாதிப் பாதி. மூலையில் சம்பத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் விரலை உதட்டின் மேல் வைத்ததைப் பார்த்தவன் அவன்.

“தெரியாது” என்றேன். “நான் சொல்லவில்லை. மற்றவர்களையும் பேசவிடாமல் செய்தேன். விதி இருப்பது எனக்குத் தெரியும்.”

எழுதிக்கொண்டார்கள். ஏன் செய்தீர்கள் என்றார் இரண்டாமவர். நண்பர்களிடம் பெருமை காட்ட என்றேன்.

வெளியே வந்தபோது தாமு ரோட்டில் நின்றுகொண்டிருந்தான். “மன்னிச்சிடுங்கண்ணா” என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் அவளிடம் செய்ததைத்தான் அவன் என்னிடம் செய்தான். அன்றைக்கே மாலதிக்கு ஃபோன் செய்து உண்மையைச் சொன்னேன். “நீங்க மொதல்ல அவகிட்ட சொல்லியிருக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வாரிசு சான்றிதழ் கடைசியில் வந்தது. அதில் என் பேரை மூன்றாவது விதமாக அடித்திருந்தார்கள்.

8

கயலின் வேலை போகவில்லை. தானாக முன்வந்து சொன்னதால் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். இந்தப் பருவம் முழுவதும் பெரிய மைதானத்துக்குள் நுழையக் கூடாது. பழைய புறநகர் மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் எடுத்துக்கொள்வார்களா என்று தெரியாது.

நான் திரும்பி வந்தபோது விமான நிலையத்துக்கு மாலதிதான் வந்தாள். வீட்டில் கயல் என்னிடம் பேசினாள். சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா என்று ஆங்கிலத்தில். மாலை ஃபோன் வருவது நின்றுவிட்டது. இரண்டு வாரம் அப்படிப் போனது. பணிமனையில் மதிய உணவு நேரத்தில் ஃபோனை எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன்.

ஒரு சனிக்கிழமை நானே காரை எடுத்துக்கொண்டு அவள் மைதானத்துக்குப் போனேன். சின்ன மைதானம். சுற்றிலும் மரம், ஒரு தகரக் கொட்டகை, நடுவில் ஆடுகளத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அவள் ரோலரில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். நிறுத்தவில்லை. ரோலர் அந்த முனைக்குப் போகும், நின்று திரும்பி வரும், மறுபடி போகும். அவ்வளவு மெதுவாக ஒரு வண்டியை யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. வெயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றேன். கிளம்பிவிடலாமா என்று நினைத்தபோது இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

“அம்மாகிட்ட ஒரு மாதிரி சொன்னீங்க. விசாரணை பண்ணவங்ககிட்ட வேற மாதிரி சொன்னீங்க” என்றாள். தமிழில்.

“அவங்ககிட்ட சொன்னதுதான் உண்மை.”

“ஏன் சொன்னீங்க? என் வேல போயிடும்னா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அதுக்கும்தான். ஆனா அவங்க கேட்டப்போ என்னால வேற ஒண்ணு சொல்ல முடியல. சம்பத் அங்கயே உக்காந்துகினு இருந்தான்.”

அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. ஆனால் கையுறையைக் கழற்றினாள்.

“ஃபோன் எங்க?”

“பாக்கெட்ல.”

“கார்ல வச்சிட்டு வாங்க.”

கார் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. நடந்து போய் ஃபோனை இருக்கைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். அவள் கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். ஷூவைக் கழட்டச் சொன்னாள். குனிந்து உள்ளே போனேன். மண் சூடாக, சிமெண்ட் தரை போல இருந்தது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் என் கையைப் பிடித்து வைத்தாள்.

“இப்ப தெரியுதா?” என்றாள்.

தெரிந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் இருந்தேன்.

“யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

“சொல்லமாட்டேன்.”

அடுத்த நாள் அங்கே ஒரு உள்ளூர் ஆட்டம்தான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டம். இருந்தாலும் அன்று என் கைக்கு என்ன தெரிந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.